ஆறினால்தான் சுருள் நிற்கும்

நீராவி சீறும் சத்தம் கேட்டதும் மருமகள் முடி சுருட்டும் ரோலர்களில் முதலாவதை எடுத்து மெஷினின் மூக்கில் செருகினாள்.

"அண்ணி, பார்த்து. கை சுட்டுடப் போகுது" என்றது ரேடியோ.

ரேடியோ என்றால் நாத்தனார்தான். பேச ஆரம்பித்தால் அணைக்கப் பொத்தான் கிடையாது என்று சொல்லி அவளுடைய அண்ணன் வைத்த பெயர். அம்மாவும் அப்படியே கூப்பிட்டு, தெருவும் கூப்பிட்டு, கடைசியில் அவளே போனை எடுத்தால் "ரேடியோ பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ரேடியோ இன்று டிவிக்குப் போகிறது. மதியச் செய்தியை முதல் தடவையாக அவள்தான் வாசிக்கப் போகிறாள்.

இந்தக் குடும்பத்தோடு வாரா வாரம் நடந்து வருகிறவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ரேடியோவின் அண்ணன், மருமகளின் கணவர், ஊரே 'மாஸ்டர்' என்று கூப்பிட்ட டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர், இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்று விடிகாலையில் ஸ்கூல் காரை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தவன் அவருடைய மைத்துனன், அதாவது மருமகளின் கூடப்பிறந்த தம்பி. விளக்கில்லாமல் ஓரமாக நின்ற லாரியின் பின்னால் கார் போய்ச் செருகியதில், மாஸ்டர் உட்கார்ந்திருந்த பக்கம் நசுங்கிவிட்டது. தம்பி தொடையெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இன்று மதியம் அவனை அனுப்புகிறார்கள். அப்பா அம்மா இல்லாதவனுக்கு அக்கா வீட்டை விட்டால் போக இடமில்லை. அக்கா வீடோ, அவன் ஓட்டிய வண்டியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு.

இவள் முதல் செய்தியும் அவன் வீடு திரும்புவதும் ஒரே நாளில் வந்து விழுந்தது யார் குற்றமும் இல்லை.

பஞ்சு ரோலர் ஆவியைக் குடித்துக் கனத்ததும் மருமகள் அதை எடுத்தாள். நாத்தனாரின் உச்சியில் ஒரு கற்றை முடியைப் பிரித்து, நுனியிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து, வேர் வரைக்கும் இறக்கி, மேலே பிளாஸ்டிக் மூடியை 'டக்'கென்று அழுத்தினாள். உச்சிக்குப் பெரிய ரோலர், பிடரிக்குச் சின்னது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பார்லரில் வேலை செய்தவள். கைக்குத் தெரியும், அவள் பார்க்கக்கூட வேண்டியதில்லை. பார்க்கவும் இல்லை.

இந்த ஸ்டீம் ரோலர் செட்டை அவள் வாங்கி வந்த அன்று மாஸ்டர் வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். "ஸ்டீம் ரோலர் வாங்கினேன்னு சொன்னியே, எங்க நிறுத்தியிருக்க? அதை ஓட்ட தனி லைசென்ஸ் வேணும், தெரியுமில்ல?" என்றார். ரோடு போடும் வண்டியை மனைவி தலையில் ஏற்றப் போகிறாள் என்று ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது இப்போது நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யார் வீட்டிலோ நடந்ததை யாரோ சொல்லக் கேட்டது போல வந்துவிட்டுப் போனது. இரண்டு மாதமாக எல்லாமே இப்படித்தான். குளிக்கச் சொன்னால் குளிப்பாள், தட்டை வைத்தால் சாப்பிடுவாள். தம்பிக்குத் தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், ஊட்டி, வாயைத் துடைத்து, பாத்திரத்தோடு திரும்பி வருவாள். பார்லர்க்கார அம்மா மட்டும் வாரம் ஒரு தடவை போன் செய்து, "நாற்காலி அப்படியே இருக்கு, எப்ப வேணாலும் வா" என்பாள். "சரிக்கா" என்பாள் இவள். அதோடு சரி.

"கடைசி ராத்திரி அண்ணன் எவ்வளவு பொறுமையா உட்கார்ந்திருந்தான் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள் ரேடியோ. "மறுநாள் எனக்கு ஆடிஷன் இருந்துச்சு, நடந்ததைக் கேட்டு அப்புறம் தள்ளி வச்சாங்க. பழைய பேப்பர் கட்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒண்ணு விடாம வாசிச்சேன். நான் வாசிக்க வாசிக்க அவன் தப்பு சொல்றான். 'மூச்சு வாங்காத', 'ளகரத்தை முழுங்காத'ன்னு. நீ போய்த் தூங்குண்ணான்னா கேட்கலை. விடிகாலை வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் முகத்தைக் கழுவிட்டு நேரா கிளாஸ் எடுக்கப் போயிட்டான்."

"ம்."

"அண்ணி, விரலைப் பாருங்க!"

பார்த்தாள். ஆள்காட்டி விரலின் பக்கம் சிவந்து தோல் வழுவழுவென்று எழும்பியிருந்தது. மெஷின் மூக்கில் எப்போது பட்டதோ தெரியவில்லை. எரியவும் இல்லை. "ஒண்ணுமில்ல" என்று அடுத்த ரோலரைச் செருகினாள்.

கொஞ்ச நேரம் ரேடியோ பேசவில்லை. அதுவே ஒரு செய்திதான்.

"அண்ணி, ஒண்ணு கேட்கணும்."

"தலையை ஆட்டாம கேளு."

"ஸ்கூல் வண்டியில சொல்லிக்குடுக்கறவங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குமில்ல?"

"இருக்கும்."

"அப்ப அண்ணன் ஏன் அதை மிதிக்கலை?"

மூடி 'டக்'கென்று விழுந்தது.

"எத்தனை பேர் உயிரை அந்தக் காலாலயே காப்பாத்தியிருக்கான்? நாய் குறுக்க வந்தாலே அவன் கால் தானா மிதிக்கும். வீட்டுல டிவி பார்க்கறப்பக்கூட மிதிப்பான். அன்னைக்கு மட்டும் ஏன் மிதிக்கலை? உங்க தம்பி போலீஸ்கிட்ட ஞாபகமில்லைன்னு சொன்னானாம். நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

"தினமும் போறீங்களே அண்ணி. ஒரு நாள்கூடக் கேட்கத் தோணலையா?"

மருமகள் யோசித்துப் பார்த்தாள். தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் கேட்பவளுக்கு எப்படி இருக்கும் என்றுகூடத் தோன்றவில்லை.

"எனக்கு அவன்மேல கோபம் இருக்கு. ஆனா வரக் கூடாதுன்னு சொல்லமாட்டேன். கால் இல்லாதவன் மாதிரி வர்றவனை வாசல்ல நிறுத்தறதுக்கு எனக்கு மனசு வராது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேணும். நிஜமான பதில். அதைச் சொல்லாம அவன் இந்த வீட்டுக்குள்ள வந்தா, நான் வெளிய போயிடுவேன். சத்தியமா போயிடுவேன் அண்ணி."

"கேட்கறேன்."

"இன்னைக்கே."

"இன்னைக்கே கேட்கறேன். எழுந்திரிக்காத. ஆறினாத்தான் சுருள் நிக்கும்."

ரோலர்கள் ஆறும் வரை இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளறைக் கதவருகே நின்று எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ, மாமியார் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

டெலிபோன் ஆபீஸில் காதில் கருவி மாட்டி, ஆயுசு முழுக்க அடுத்தவர் பேச்சை இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவள். கத்தரித்த தலைமுடி, முழுக்க வெளுத்தது. மகன் இறந்ததிலிருந்து சீப்பே படாமல் காதோரம் ஒட்டிக் கிடந்தது.

"ஆவி வீணாத்தானே போகுது. எனக்கும் போட்டு விடு."

மருமகளும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்கும்மா இப்ப?" என்றாள் ரேடியோ.

"ஏன், நீ மட்டும்தான் அழகா இருக்கணுமா? உன்னை டிவியில பார்க்க வேணாமா நான்?"

மருமகள் ஒன்றும் கேட்காமல் சின்ன ரோலர்களை எடுத்தாள். வெள்ளை முடி மெல்லியது. இழுக்காமல் சுற்ற வேண்டும். மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. மெக்கானிக் வந்துவிட்டான். ரேடியோவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். மாஸ்டர் இருக்கும்போதே பேசி முடித்த சம்பந்தம். டிரைவிங் ஸ்கூல் வண்டிகள் அத்தனையும் அவன் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வரும். அங்கேதான் ரேடியோவின் பேச்சு அவன் காதில் முதலில் விழுந்தது. இன்று நகக்கண்ணில் கறுப்பு தெரியாத அளவுக்குக் கையைத் தேய்த்துக் கழுவியிருந்தான்.

"ஸ்கூட்டர் எங்க?" என்றாள் ரேடியோ.

"ஹெல்மெட் போட்டா சுருள் எல்லாம் அப்பளமா... இல்ல, தட்டையாயிடுமேன்னு கஸ்டமர் காரை எடுத்துட்டு வந்தேன். டெஸ்ட் டிரைவ்னு சொல்லிக்கலாம்." மாமியாரின் தலையைப் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்களும் செய்தி வாசிக்கப் போறீங்களா?" என்றான்.

"வானிலை அறிக்கை" என்றாள் மாமியார் கண்ணைத் திறக்காமல்.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் யாரோ சிரித்தார்கள். ரேடியோதான். மருமகள் அவளுடைய ரோலர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சீப்புப் போடாமல் விரலாலேயே சுருள்களைப் பிரித்து, தோளில் விழ வைத்தாள். கண்ணாடியில் பார்த்த ரேடியோவின் முகம் ஒரு நொடி கோணியது. "அண்ணன் என்ன சொல்லியிருப்பான்?" என்றவள், பதிலுக்கு நிற்காமல் நீலக் கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மருமகள் மெஷினிலிருந்த தண்ணீரைக் கொட்டினாள். குளித்தாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிப்பையைத் தேடினால் காணவில்லை. மாமியாரின் ரோலரைக் கழற்றலாம் என்று பார்த்தால் அவளையும் காணவில்லை. ஸ்டூலில் பிளாஸ்டிக் மூடி ஒன்று மட்டும் கிடந்தது. செருப்பு இல்லை. அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போயிட்டாங்களே."

"யாரு?"

"ஒரு பெரியம்மா. அத்தைன்னு சொன்னாங்க. கையில துணிப்பை வச்சிருந்தாங்க. தலையில..." நர்ஸ் தன் தலையைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். "ஸ்கார்ஃப் கட்டியிருந்தாங்க, ஆனா மூடியெல்லாம் தெரிஞ்சுது. ஏதோ ஆபரேஷன் கேஸ்னு நினைச்சு வாட்ச்மேன் வீல்சேர் கொண்டு வந்து அவங்களையே உட்காரச் சொல்லிட்டார்!"

மருமகள் படியிறங்கினாள். கீழே மருந்துக் கடைக்கு எதிரே நீளமான காத்திருப்பு ஹால். சுவரில் டிவி. கடைசி பெஞ்சு ஓரத்தில் சக்கர நாற்காலியில் தம்பி, கால் நீட்டியபடி. அவனுக்கு முன்னால் மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி அவள் தலையிலிருந்து ரோலர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு மூடி திறக்காமல் முரண்டு பிடிக்க, "நகத்தை விட்டு நெம்புடா" என்றாள் மாமியார்.

"அத்தை" என்றாள் மருமகள்.

"வந்துட்டியா? உட்காரு. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இதைக் கேட்கறப்ப நீயும் இருக்கணும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். முகம் வற்றிப்போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

மாமியார் திரும்பி அவனுக்கு நேராக உட்கார்ந்தாள். பாதித் தலை சுருள், பாதித் தலை ரோலர். பக்கத்து பெஞ்சுக்காரர் ஒருவர் பார்த்தார், அவள் கண்டுகொள்ளவில்லை.

"உன்னைத் திட்டறதுக்கு வரலை. திட்டணும்னா இத்தனை நாள் பொறுத்திருக்கமாட்டேன். என் பிள்ளை கடைசியா பயந்தானா?"

"அத்தை..."

"கத்தினானா? லாரியைப் பார்த்தானா? ஏன் பிரேக்கை மிதிக்கலை? ராத்திரி கண்ணை மூடினா இதுதான் வருது எனக்கு. ஞாபகமில்லைன்னு போலீஸ்கிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லாத."

தம்பி கையிலிருந்த ரோலரை உருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"மாமா பார்க்கலை, அத்தை. தூங்கிட்டிருந்தார்."

ஹாலில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ எழுந்து போனார்கள்.

"ஏறினப்பவே கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. 'நேரா போ, ஒண்ணும் பயமில்ல'ன்னார். ரோடு காலியா இருந்துச்சு. கொஞ்ச தூரத்துல பார்த்தா தலை சாஞ்சிருந்துச்சு. எழுப்ப மனசு வரலை. என்னை நம்பித் தூங்கறாரேன்னு... எனக்குப் பெருமையா இருந்துச்சு அத்தை. நான் நல்லா ஓட்டறேன், அதான் தூங்கறார்னு நினைச்சேன். வளைவுல அந்த லாரி... நான் மிதிச்சேன். லேட்டு. அவர் எழுந்திருக்கவே இல்லை. வாயை லேசா திறந்துக்கிட்டு அப்படியே..."

மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "வாயைத் திறந்துக்கிட்டா?"

"ஆமா."

"சின்னப் பிள்ளையிலயும் அப்படித்தான் தூங்குவான்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பயப்படலை அப்ப. அது போதும்டா எனக்கு. அது போதும்."

அவள் கையை நீட்டி அவன் முழங்காலில் வைத்தாள். அவன் குனிந்து அழுதான். மருமகள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தானும் உட்கார வேண்டும், தானும் அழ வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு வரவில்லை. மனம் மட்டும் வேறு எங்கோ நடந்து, ஒரு இடத்தில் போய் நின்றுவிட்டது.

ஏன் தூங்கினார்?

அதே நேரத்தில் மாமியாரும் தலையை நிமிர்த்தினாள். காலையில் கதவோரம் நின்று கேட்டவள்தானே அவள். இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. விடிய விடிய அண்ணனை உட்கார வைத்துச் செய்தி வாசித்துக் காட்டியவள் யார் என்பதை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவளுக்குத் தெரியக் கூடாது" என்றாள் மாமியார் அடிக்குரலில். "தெரிஞ்சா அவ வாயே திறக்கமாட்டா இனிமே."

"நிஜமான பதில் வேணும்னு கேட்டிருக்கா அத்தை. சொல்லலைன்னா வீட்டை விட்டுப் போறேன்னா."

"அதுவும் என் காதுல விழுந்துச்சு. அதனாலதான் முந்திக்கிட்டு வந்தேன்."

சுவர் டிவியில் மணியோசையோடு எழுத்துகள் ஓடின. நீலக் கோட்டும் சுருள் முடியுமாக ரேடியோ வந்தாள். வணக்கம் சொன்னாள். கொஞ்சம் வேகம், ஆனால் மூச்சு வாங்கவில்லை. ளகரங்கள் ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்தன. பக்கத்து பெஞ்சுக்காரர், "புதுப் பொண்ணு போலிருக்கு, நல்லா வாசிக்குது" என்றார். "என் பொண்ணு" என்றாள் மாமியார். அவர் அவளுடைய தலையை மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

மருமகள் மிச்ச ரோலர்களைக் கழற்றினாள். செய்தி முடிந்தது. தம்பிக்கு மருந்து வாங்கினாள். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எடுத்ததும் காதைக் கிழித்தது குரல்.

"அண்ணி! பார்த்தீங்களா? முடி எப்படி இருந்துச்சு? எடிட்டர் சார் தினமும் நீயே வாசின்னு சொல்லிட்டார்!"

"நல்லா இருந்துச்சு. அத்தையும் பார்த்தாங்க."

"அண்ணி..." குரல் இறங்கியது. "கேட்டீங்களா?"

பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. மாமியார் அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். டெலிபோன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்துக் குரல், தெளிவாக, அலுங்காமல் வந்தது.

"அம்மா பேசறேன். கேட்டாச்சு. உங்கண்ணன் மிதிச்சிருக்கான். இவனும் மிதிச்சிருக்கான். பிரேக் பிடிக்கலையாம்."

தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

அந்தப் பக்கம் ரேடியோவின் குரல் கேட்டது. சற்று முன் டிவியில் வந்த அதே குரல். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

"பிரேக் பிடிக்கலையா?"

"ஆமாம்மா. யார் பேர்லயும் தப்பில்லை. விதி. நீ வீட்டுக்கு வா."

"அந்த வண்டிக்கு முந்தின நாள்தான் பிரேக் மாத்தினாங்க. அண்ணனே சாப்பிடறப்ப சொன்னான். நம்ம மாப்பிள்ளைதான் பார்த்தார், இனிமே கவலையில்லைன்னு."

மாமியாரின் கை போனோடு காற்றில் நின்றது. பெற்ற பெண்ணைக் காப்பாற்ற ஓடியவளுக்கு, வழியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க நேரமிருக்கவில்லை.

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"இங்கதான் இருக்கார். எனக்காகப் பூங்கொத்து வாங்கிட்டு வந்திருக்கார். கேட்கறேன்."

"ரேடியோ! ரேடியோ, இரு!"

போன் அணைந்துவிட்டது. மருமகள் பிடுங்கித் திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை மணியே அடிக்கவில்லை.

"நான் அவனை நினைக்கவே இல்லையே" என்றாள் மாமியார். அவள் முகத்துக்கு ஒரேயடியாக வயதாகிவிட்டது. "பிரேக்னு சொன்னா அந்த மெக்கானிக் பையன் தலையில விழும்னு நான் நினைக்கவே இல்லையே."

மருமகளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அது என்னவென்று புரிந்துகொள்ளவே அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. பயம். இரண்டு மாதமாக எதுவும் எட்டாத இடத்தை அது எட்டிவிட்டது.

"தம்பியைப் பார்த்துக்கோங்க அத்தை" என்றவள் பையை பெஞ்சிலேயே போட்டுவிட்டு, டிவி ஸ்டேஷனுக்குப் போகும் வண்டி ஏதாவது கிடைக்குமா என்று வாசலை நோக்கி ஓடினாள்.